கரையிலிருந்து எவ்வளவு தூரம் டவர் எடுக்கும்? – கேள்வி பதில்

கைப்பேசி வலையமைப்புகள் அலைவரிசையைப் பங்கிடும் விதம் குறித்துக் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, அலைவரிசைத் திட்டமிடலில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் விடையளிக்கிறேன். ரீசார்ஜ், சிம் மாற்றம் பற்றியவற்றை அந்தந்த நிறுவனத்திடமே கேளுங்கள். பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். உரிமமின்றி அதைப் பொருத்துவது சட்டவிரோதம்.

தொண்டி, கல்லூரி மாணவர்: ஐயா, ஒரு டவரில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம்?

நல்ல கேள்வி, தம்பி. 2ஜி முறையில் ஓர் அலைவரிசையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் போல, அந்த ஒன்றையே எட்டுப் பேருக்கு முறைவைத்துக் கொடுக்கிறார்கள். ஒருவருடைய முறை 577 மைக்ரோவினாடி; ஒரு சுற்று முடிய 4.615 மில்லிவினாடி. பேசுகிறவருக்கு இந்த இடைவெளி தெரிவதே இல்லை.

பக்கத்து டவருக்கும் அதே அலைவரிசையைக் கொடுத்தால் இரண்டும் மோதும். ஆகவே ஒரு நிறுவனத்திடம் 6.2 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை இருந்தால் கிடைக்கும் 31 அலைவரிசைகளை, நான்கு டவர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று திசைகள் எனப் பன்னிரண்டு பங்காக்கி, போதிய தூரம் தள்ளிய பிறகே அதே பங்கை மீண்டும் பயன்படுத்துவார்கள். ஒரு திசைக்கு இரண்டு அல்லது மூன்றுதான் தேறும். இரண்டு என்றால் 16 முறைகள். அவற்றில் இரண்டைக் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு ஒதுக்கினால் ஒரு திசையில் 14 பேர் பேசலாம். நெரிசலில் குரலை மேலும் சுருக்கி, ஒரு முறையை இருவருக்குப் பகிர்வதும் உண்டு.

4ஜியில் இப்படி நிலையான பங்கு கிடையாது. அலைக்கற்றை 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு (10 மெகாஹெர்ட்ஸில் 50 துண்டுகள்), எந்தத் துண்டு யாருக்கு என்பதை ஒவ்வொரு மில்லிவினாடியும் டவரே முடிவு செய்கிறது.

இராமேசுவரம், கடைக்காரர்: ஆடி அமாவாசையன்று சிக்னல் முழுதாகக் காட்டியும் நெட் வேலை செய்யவில்லையே?

திரையில் தெரியும் கோடுகள் டவரின் அலை எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைத்தான் காட்டும். அந்த டவரை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்பதைக் காட்டாது. அக்னி தீர்த்தக் கரையில் அன்று கூடும் கூட்டம் முழுவதும் அதே துண்டுகளுக்குத்தான் காத்திருக்கிறது.

ஏர்வாடி: தர்காவில் கந்தூரி நாளில் சிக்னல் இருந்தும் நெட் இல்லை. பூஸ்டர் வைக்கலாமா?

முந்தைய பதிலைப் படியுங்கள். பூஸ்டர் புதிய துண்டுகளைப் படைக்காது. இரைச்சலை டவருக்குள் கொட்டி மற்றவர்களின் அழைப்பையும் கெடுக்கும்.

பாம்பன், விசைப்படகு உரிமையாளர்: 35 கிலோமீட்டருக்கு மேல் டவர் எடுக்காது என்கிறார்கள். நான் 40 கிலோமீட்டரில் பேசியிருக்கிறேன்.

அந்த 35 என்பது 2ஜியின் கணக்கு. தொலைவிலிருந்து புறப்படும் அலை தாமதமாக வந்து அடுத்தவர் முறைக்குள் நுழைந்துவிடாதிருக்க, கைப்பேசியை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறது டவர். இதற்கு 0 முதல் 63 வரை படிகள் உண்டு. ஒரு படி ஏறத்தாழ 550 மீட்டர். படிகள் தீர்ந்தால், அலை எவ்வளவு வலுவாக இருந்தாலும் இணைப்பு கிடைக்காது. நீங்கள் பேசியது எந்தத் திசையில்?

அதே உரிமையாளர்: கீழக்கரைக்குத் தெற்கே. ஜிபிஎஸ் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் நீங்கள் புறப்பட்ட பாம்பனிலிருந்து அளக்கிறது. உங்கள் கைப்பேசியோ, அதைவிட மிக அருகிலிருக்கும் கீழக்கரை டவரில் இணைந்திருக்கும்.

மண்டபம், படகு எந்திரப் பழுது பார்ப்பவர்: அண்ணன் சொல்வது சரிதான். வடக்கே, கரையே இல்லாத பக்கம் 40-ஐத் தாண்டி நானும் பேசியிருக்கிறேன், 4ஜியில்.

4ஜி என்றால் நடக்கக்கூடியதே. அதன் நேரத் திருத்தம் 100 கிலோமீட்டர் வரை இடம் கொடுக்கும். அங்கே தடை பூமியின் வளைவுதான். 40 மீட்டர் உயர டவருக்கும் படகில் 2 மீட்டர் உயரத்தில் பிடித்த கைப்பேசிக்கும் இடையே ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வரைதான் அலை எட்டும். டவர் 80 மீட்டர் என்றால் 42-ஐத் தாண்டும். சில நாட்களில் கடல்மேல் படியும் ஈரக்காற்று அலையை வளைத்து இன்னும் தள்ளிக் கொண்டுபோகும். ஆனால் அதை நம்பித் தொழிலுக்குப் போகாதீர்கள். ஆபத்துக்கு வி.எச்.எஃப். கருவியில் (படகு வயர்லெஸ்) 16-ஆம் சேனல் இருக்கிறது.

தொண்டி மாணவர்: டவர் அனுப்பும் அலையின் வலுவைக் கூட்டினால் போதாதா, ஐயா?

டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும். நீங்கள் சொல்வது அதற்குக் கேட்க வேண்டுமே! 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி கைப்பேசியின் உச்சம் 2 வாட். 4ஜியில் பெரும்பாலும் 0.2 வாட்தான். மேலும், கடலில் தடையே இல்லாததால் தேவிபட்டினத்து அலை மண்டபத்துக் கரையில் வந்து மோதக்கூடும். கடலோர டவர்களின் ஆண்டெனாவைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பது இதற்காகவே.

தங்கச்சிமடம்: அரிச்சல்முனையில் நின்றால் இலங்கை நெட்வொர்க் காட்டுகிறது. ஆபத்தா?

தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள். இல்லையேல் கட்டணம் ஏறும்.

சாயல்குடி: முழு சிக்னல், ஆனால் நெட்...

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

வாலிநோக்கம்: டவர் அலையால் மீன்வளம் குறைகிறதா?

இந்த அலைகள் உப்பு நீருக்குள் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். அதற்கு மேல் என் துறை அல்ல; மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் கேளுங்கள்.