எட்டாயிரம் யார் கைக்குப் போகிறது?

கேள்வி: மழையில் பயிர் அழிந்தால் அரசு பணம் கொடுக்கிறது. பயிர்க் காப்பீடும் இருக்கிறது. அப்புறமும் டெல்டா விவசாயிகள் சாலை மறியல் செய்வது நியாயமா?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: நியாயம்தான். அந்தப் பணம் எவ்வளவு, எதற்கு, யாருக்கு என்று பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் பருவம் தவறிப் பெய்த மழையில், திருவாரூர், நாகை, தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் தண்ணீரில் சாய்ந்தது. தமிழக அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. ஏக்கருக்கு 8,000 சொச்சம். மத்திய அரசின் அப்போதைய பேரிடர் நிவாரண விதிப்படி பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000தான். மாநிலம் அதற்கு மேல் கொடுத்தது, அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த விதியில் இந்தத் தொகைக்குப் பெயரே 'இடுபொருள் மானியம்'. மறுபடி விதைக்கக் கைகொடுக்கும் பணம் அது, அழிந்துபோன விளைச்சலுக்கு ஈடு அல்ல. நட்ட ஒரு மாதத்தில் மூழ்கினாலும் கதிர் முற்றிய பிறகு மூழ்கினாலும் ஒரே தொகை. உழவு, நடவு, உரம், களை என்று எல்லாச் செலவும் செய்து முடித்தவருக்கு எட்டாயிரம் எந்த மூலைக்கு?

அதுவும் சேதம் 33 சதவீதத்தைத் தொட்டால்தான். 2015 வரை 50 சதவீதமாக இருந்தது. குறைத்தது நல்ல காரியம். ஆனாலும் முப்பது சதவீதம் போனவருக்கு ஒன்றும் கிடையாது.

காப்பீடா? அதில் பெரும்பாலும் உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை. கிராமம் அல்லது பிர்காவின் (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவின்) சராசரி மகசூலைத்தான் பார்க்கிறார்கள். பள்ளத்து வயல் அழுகி, மேட்டு வயல் தப்பித்து, சராசரி நன்றாக இருந்துவிட்டால் பள்ளத்துக்காரர் கட்டிய பிரீமியம் போனதுதான்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய வருத்தம் வேறு. டெல்டாவில் கோயில் நிலத்திலும் வெளியூர்க்காரர் நிலத்திலும் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஏராளம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காதோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. பட்டா ஒருவர் பெயரில், பாடு இன்னொருவர் தலையில். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) தரும் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற பதிவில், உழுதவர் பெயர் ஏறாவிட்டால், நகையை அடகு வைத்து நட்டவரை விட்டுவிட்டு, சென்னையில் இருக்கும் நிலக்காரரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போய்விடுகிறது. அறுவடைக் கூலியை நம்பியிருந்த தொழிலாளிக்கு இந்த மானியத்தில் இடமே இல்லை.

வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்துதானே கணக்கெடுக்கின்றன? பணம் போடுவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு வாரம் ஒட்டி வைக்கட்டும். எந்த வயலில் யார் நட்டார் என்பது ஊருக்குத் தெரியும்.