பழைய எல்.சி.டி. செல்டா வாங்கலாமா?

கேள்வி: நின்டெண்டோவின் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி வரிசையில் 1989-இல் வந்த செல்டாவைச் சின்ன வயதில் இரவல் வாங்கி விளையாடியிருக்கிறேன். மடித்து மூடும் வகை, மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. இப்போது பழைய பொருள் விற்கும் தளத்தில் இரண்டு கிடைக்கின்றன. ஒன்று அட்டைப்பெட்டியோடு பளபளவென்று இருக்கிறது. ஆனால் “பேட்டரி இல்லாததால் போட்டுப் பார்க்கவில்லை” என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றுக்குப் பெட்டி இல்லை, உடம்பெல்லாம் கீறல், ஆனால் ஓடும் வீடியோ இருக்கிறது. முதலாவதன் விலை மூன்று மடங்கு. எதை வாங்குவது?

பதில்: கீறல் விழுந்ததை வாங்குங்கள்.

இந்தக் கருவிக்குத் தேவை இரண்டே இரண்டு எல்.ஆர்.44 பொத்தான் பேட்டரிகள். கடிகாரக் கடையில் கிடைக்கும் சாதாரணச் சரக்கு. மூன்று மடங்கு விலை கேட்பவருக்கு அதை வாங்கிப் போட்டுப் பார்க்க மனம் வரவில்லை என்றால், ஒன்று, போட்டுப் பார்த்துவிட்டு மறைக்கிறார். அல்லது முடிவைத் தெரிந்துகொள்ள அவருக்கே விருப்பமில்லை. எதுவாக இருந்தாலும் ஓடாத பொருளுக்கான விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இந்த மாதிரிக் கருவியில் நீங்கள் பணம் கொடுப்பது திரைக்குத்தான். இன்றைய திரைகளைப் போல இதில் புள்ளிகள் கிடையாது. கதாநாயகன் லிங்க் நிற்கும் ஒவ்வொரு நிலையும், அவன் வாளை வீசும் ஒவ்வொரு கோணமும் தனித்தனி உருவமாகக் கண்ணாடிக்குள் முன்பே வரையப்பட்டிருக்கும். மின்சாரம் பாயும் உருவம் மட்டும் கறுப்பாகத் தெரியும். இந்த விளையாட்டுக்கென்றே செய்த கண்ணாடி என்பதால் மாற்றுக்கு இன்னொரு செல்டாவைத்தான் உடைக்க வேண்டும்.

ஆகவே திரையின் ஓரத்தில் மை கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு இருந்தால் கண்ணாடி விரிசல் விட்டு உள்ளிருக்கும் திரவம் கசிந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்ய வழியில்லை. “சின்னக் கறை” என்று விற்பவர் சொன்னாலும் விட்டுவிடுங்கள், அது பெரிதாகும். மற்ற கோளாறுகள் அவ்வளவு மோசமில்லை. படம் மொத்தமாக மங்கி, மஞ்சளோ பழுப்போ படர்ந்திருந்தால் பெரும்பாலும் மேலே ஒட்டியிருக்கும், ஒளியை வடிகட்டும் போலரைசர் தாள்தான் வெயிலிலும் புழுக்கத்திலும் கெட்டிருக்கும். பழையதை உரித்துப் புதிதாக ஒட்டலாம். தாளின் விலை அதிகமில்லை, உரிக்கும்போது கண்ணாடி உடையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. சில உருவங்கள் மட்டும் வராமல் போனால் கண்ணாடியையும் சர்க்யூட் பலகையையும் இணைக்கும் இடத்தில் அழுக்கோ தொடர்புக் குறையோ இருக்கலாம். மேல்திரை முழுவதுமே செத்திருந்தால் கீல் வழியாகப் போகும் பட்டை வயரைச் சந்தேகப்பட வேண்டும். அது கை தேர்ந்தவர் செய்யும் வேலை.

பணம் அனுப்பும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். ஏ.சி.எல். என்ற குட்டிப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எல்லா உருவங்களும் ஒரே நேரத்தில் தோன்றும். அப்படிப் பிடித்தபடி இரண்டு திரைகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விளையாடும் வீடியோவில் தெரியாத ஓட்டைகூட இதில் தெரிந்துவிடும். அடுத்து, பேட்டரி அறையின் உட்புறப் படம். கேம் அண்ட் வாட்ச் கடிகாரமாகவும் ஓடுவதால் அதை அணைக்கும் சுவிட்சே கிடையாது. பேட்டரியை உள்ளேயே விட்டு மறந்தவர்கள் ஏராளம், கசிந்து பச்சை பூத்தவையும் ஏராளம். தகடு அரிக்காமல் லேசாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தாலே போதும். கடைசியாக, மூடித் திறக்கும் வீடியோ. இந்த மடிப்பு வகைகளில் கீல் விரிசல் விடுவது சகஜம்.

கேள்வி: 2021-இல் நின்டெண்டோ புதிதாக ஒரு செல்டா கேம் அண்ட் வாட்ச் வெளியிட்டதே, அதை வாங்கினால் போதாதா?

பதில்: இந்தக் குழப்பத்தில் பலர் பணம் விட்டிருக்கிறார்கள். அந்தக் கருவியில் 1986-இல் வந்த முதல் செல்டா, அதன் இரண்டாம் பாகம், 1993-இல் கேம் பாய்க்கு வந்த லிங்க்ஸ் அவேக்கனிங், அப்புறம் லிங்க் வேடம் போட்ட வெர்மின் என்ற பழைய கேம் அண்ட் வாட்ச் விளையாட்டு ஆகியவை இருக்கின்றன. நீங்கள் தேடும் 1989 எல்.சி.டி. விளையாட்டு அதில் இல்லை. வண்ணத்திரை, சார்ஜ் செய்துகொள்ளலாம், நல்ல கருவிதான். ஆனால் இது வேறு.

விளையாட்டு மட்டும் வேண்டுமென்றால் கேம் பாய் அட்வான்ஸுக்கு 2002-இல் வந்த கேம் அண்ட் வாட்ச் கேலரி 4-இல் இது இருக்கிறது. எடுத்த எடுப்பில் கிடைக்காது, மற்றவற்றை ஆடித்தான் திறக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு மெனக்கெட்டு வாங்கினால் இப்போதும் சுவாரசியமாக இருக்குமா?

பதில்: சாகசம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். எட்டு டிராகன்கள், டிரைஃபோர்ஸ் என்ற மந்திர முக்கோணத்தின் எட்டுத் துண்டுகள், கடைசியில் இளவரசி மீட்பு என்று கதை பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் லிங்க் நிற்கக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுற்றித் திரிய உலகம் கிடையாது. எதிரி எப்போது கை ஓங்குவான், எந்த நொடியில் விலகி எந்த நொடியில் வெட்டுவது என்ற தாளம்தான் ஆட்டம் முழுக்க. எனக்கு அது பிடிக்கும், அரை மணி நேரம் வரை. கீழ்த்திரையில் அடிவாங்கித் தேறி, மேல்திரையில் டிராகன் முன்னால் போய் நிற்கும்போது வரும் பதற்றம் இன்றைக்கும் உண்மையானது.

எல்லா எல்.சி.டி. விளையாட்டுகளிலிருந்தும் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் நான் இதைவிட எளிமையான, விலையும் குறைந்த டாங்கி காங்கை வாங்குவேன். அதுவும் இரட்டைத் திரை, 1982. உங்களுக்கு செல்டாவோடு பழைய கணக்கு ஏதோ பாக்கி இருப்பதால் இதையே வாங்குங்கள். விளையாடி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஜன்னல் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள்.