குட்டையாக இருப்பது குலவழியா?

கேள்வி: மண்டபம் பகுதியில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வரும் மூன்று வயதுச் சிறுமி 85 செ.மீ. உயரமும் 10.5 கிலோ எடையும் இருக்கிறாள். ஓடியாடி விளையாடுகிறாள். "எங்க சனமே குட்டைதான்" என்கிறார் தாய். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். மூன்று வயதுப் பெண் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 95 செ.மீ.; அது 87.4-க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றல் என்கிறோம். இவளுடைய எடை உயரத்துக்குப் பொருந்திவிடுவதால், வயதைக் கேட்காமல் பார்ப்பவருக்கு இரண்டு வயதுள்ள நல்ல குழந்தையாகவே தெரிவாள். குறை கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

தாய் சொல்வதை நான் ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளுக்காக இந்தியா, கானா, நார்வே உள்ளிட்ட ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தபோது, தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்த குழந்தைகள் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே உயரமாகவே வளர்ந்திருந்தார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் பழங்குடிக் குழந்தைகளில் சுமார் 41 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள் என்றால், அதற்குக் குலத்தைக் காரணம் காட்ட முடியாது. தாயின் குட்டை உயரத்துக்குக்கூட அவர் சிறுவயதில் பட்ட பட்டினி காரணமாக இருக்கலாம்.

அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று பொறுமையாகக் கேளுங்கள். பெற்றோர் பாசிமணி விற்க இராமேசுவரம் போகும் நாட்களில் குழந்தையும் உடன் போனால், தேநீரும் பிஸ்கட்டுமே அன்றைய சாப்பாடாகிவிடும். அந்நாட்களில் சத்துமாவு உருண்டையை உடன் எடுத்துப் போகச் சொல்லுங்கள். வீட்டில் கஞ்சி என்றால், கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத பதத்தில், பருப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சேர்ந்திருக்க வேண்டும். முட்டையும், நம் கரையில் மலிவாகக் கிடைக்கும் சாளை, நெத்திலி மீன்களும், முருங்கைக் கீரையும் போதும்; விலையுயர்ந்த ஊட்டச்சத்துப் பொடி எதுவும் தேவையில்லை. கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால் விலைக்கு வாங்கிக் குடத்தில் வைக்கும் தண்ணீரையும் கவனியுங்கள். கையை விட்டு மொண்டால் அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும், உண்டதும் உடம்பில் ஒட்டாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தசோகை, காசநோய், தைராய்டு குறைபாடு இல்லையென உறுதி செய்து, குடற்புழு மாத்திரையும் வாங்கிக் கொடுங்கள். மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ பாதம் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இழந்த உயரம் முழுவதும் திரும்பும் என்று உறுதி தர இயலாது. கருவிலிருந்து இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாட்களில்தான் பெரும்பகுதி இழப்பு நேர்கிறது. ஆனாலும் இனி கிடைக்கும் நல்ல உணவு அவள் உடலுக்கும் கற்கும் திறனுக்கும் நிச்சயம் உதவும். அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால், அதை இந்த வாரமே அளந்துவிடுங்கள்.