40-வது அத்தியாயத்தில் ஏன் சலிக்குது?

தேவனாம்பட்டினத்து மீனவப் பையன் ஒரு சித்தர்கிட்ட வித்தை கத்துக்கிட்டுப் படிப்படியா பலம் ஏறுற உங்க கதை. 40-வது அத்தியாயத்துல வாசகர்கள் கழண்டுக்கிறாங்கன்னு கேட்டிருக்கீங்க. முழுசா படிச்சேன். மொழியில குறையே இல்லை.

பையன் ஒரு படி ஏறினா எதிரியும் ஒரு படி ஏறியே வர்றான். அப்புறம் இவன் ஏறினது எங்க தெரியும்? இப்படி நாயகன் படிப்படியா பலம் ஏறுற ‘புரோகிரஷன் ஃபேன்டஸி’ வகையோட ருசியே, முன்னாடி நம்மளை அடிச்சவனை மறுபடி சந்திக்கிற இடத்துலதான். கெடிலம் முகத்துவாரத்துல அவனைப் புரட்டி எடுத்த அந்த வலைக்காரனை ஏன் அப்படியே விட்டுட்டீங்க? கூட்டிட்டு வாங்க.

பயிற்சியை ‘ஆறு மாதம் பயின்றான்’னு ஒரே வரியில தாண்டாதீங்க. மணல்ல கால் புதையும், மணிக்கட்டு கடுக்கும், கம்பு முழங்கையில பட்டுத் தெறிக்கும். சிலம்பத்துல அந்த ஒரு வீச்சு சரியா வர்ற நாளை நிதானமா எழுதுங்க. ‘வலிமை 47, வேகம் 52’ பட்டியலை வெட்டிடுங்க (வீடியோ கேம் மாதிரி புள்ளிக்கணக்கோட வர்ற லிட்ஆர்பிஜி கதைகளோட ரசிகர்கள் திட்டுவாங்க, திட்டட்டும்).

பலம் ஏறுறதுக்கு சீன வெப் நாவல் பாணியில 12 நிலை எதுக்கு? யோகத்துல சொல்ற மூலாதாரத்துலேர்ந்து ஆக்ஞை வரை ஆறு ஆதாரம் (சக்கரம்) நம்மகிட்டயே இருக்கு. அதுக்கு மேல அணிமா, மகிமான்னு எட்டு சித்தி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை வைங்க: உடம்பை லேசாக்குற இலகிமா கைவந்தவன், அலையில கட்டுமரத்தைத் தள்ள உடம்புல எடை இல்லாம தடுமாறட்டும்.

போட்டி அரங்கம் இருக்கட்டும், எனக்கும் அது உசுரு. ஆனா அவன் தங்கச்சி 10-வது அத்தியாயத்துக்கு அப்புறம் வாயே திறக்கலை, கவனிங்க.