விட்பியருக்கு எந்த ஈஸ்ட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெல்ஜியத்தின் கோதுமை பியரான விட்பியருக்கு ஏற்ற ஈஸ்ட் எது?

பதில்: திரவ ஈஸ்டில் வையீஸ்ட் 3944 அல்லது வைட் லேப்ஸ் 400, உலர் ஈஸ்டில் மாங்ரோவ் ஜாக்ஸ் எம்21.

கேள்வி: கடையில் கோதுமை பியர் ஈஸ்ட் என்று கேட்டு வாங்கினேன். வாழைப்பழ மணம்தான் தூக்கலாக வருகிறது. ஏன்?

பதில்: வாங்கிய ஈஸ்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை, இப்படி வரும் கடிதங்களில் பாதி அதே குறையோடுதான் வருகின்றன. கோதுமை என்பது தானியத்தின் பெயர், ஈஸ்டின் பெயரன்று. உங்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வைசன் எனப்படும் ஜெர்மானியக் கோதுமை பியருக்கான ஈஸ்டாக இருக்கும். ஐசோஅமைல் அசிட்டேட்டை மிகுதியாக உண்டாக்கி வாழைப்பழ மணத்தைத் தருவது அதன் இயல்பு. விட்பியரோ, 1950களில் பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரின் கடைசி பியர் ஆலையும் மூடப்பட்டபின், பால்காரராக இருந்த பியேர் செலிஸ் (Pierre Celis) என்பவர் 1960களில் மீட்டெடுத்தது; ஏறத்தாழப் பாதி முளைகட்டாத கோதுமையும் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்தது. அந்த மசாலா மணத்துக்கு இடம்விட்டு, மெல்லிய கிராம்புச் சாயலையும் லேசான புளிப்பையும் மட்டும் சேர்ப்பதே விட் ஈஸ்டின் வேலை. வைசன் ஈஸ்டைப் போட்டால் கொத்தமல்லி இருந்த இடமே தெரியாது. உறையில் கோதுமை பியருக்கு என்று அச்சிட்டு வரும் சாஃப்ஏல் டபிள்யூபி-06 இன்னொரு சிக்கல். அது டயஸ்டாட்டிகஸ் வகை. மற்ற ஈஸ்ட்கள் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின்களையும் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) மெல்ல மெல்லத் தின்னும் என்பதால், அவசரப்பட்டு அடைத்த புட்டி வெடிக்கக்கூடும். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரின் அளவு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே அடையுங்கள்.

கேள்வி: நொதிக்கும்போது வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: 18 டிகிரியில் ஈஸ்டைச் சேர்த்து, இரண்டு நாளுக்குப் பிறகு 22 வரை ஏறவிடுங்கள். முதல் இரண்டு நாளில் 25ஐத் தாண்டினால் சாராய நெடி வந்துவிடும்.

கேள்வி: 20 லிட்டருக்கு அரை பாக்கெட் எம்21 போதுமா?

பதில்: போதாது. பாக்கெட்டில் உள்ள 10 கிராமையும் போடுங்கள்.

கேள்வி: ஐந்தாம் நாளே ஏர்லாக்கில் (நொதிகலத்தின் வாயுவை வெளியே விடும் அடைப்பில்) குமிழ் நின்றுவிட்டது. புட்டியில் அடைக்கலாமா?

பதில்: தொடக்க அடர்த்தி எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று சொல்லாமல் கேட்டால் நான் என்ன பதில் எழுதுவது? மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழ் நிற்கும், அறை குளிர்ந்தாலும் நிற்கும். விட் ஈஸ்ட் கடைசிக் கட்டத்தில் மிக மெதுவாக நகர்வது, 1.048இல் தொடங்கிய பியர் 1.010ஐ ஒட்டி இறங்க இரண்டு வாரம்கூட ஆகலாம். மறுபடியும் சொல்கிறேன்: மூன்று நாள், ஒரே அளவு. அதன்பின் லிட்டருக்கு ஆறரை கிராம் சர்க்கரை சேர்த்து அடையுங்கள்.

கேள்வி: என் பியர் தெளிந்துவிட்டது. ஈஸ்டை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். விட்பியரின் வெண்கலங்கலில் பெரும்பங்கு முளைகட்டாத கோதுமையின் புரதமும் மாவுப்பொருளும் தருவது. கோதுமையின் அளவை முதலில் பாருங்கள்.