இலவசப் பரிசோதனைக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை?

கேள்வி: தமிழகத்து அரசு மருத்துவ நிலையங்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகவே செய்யப்படும்போது, ஏழைப் பெண்கள் வராததற்கு விழிப்புணர்வுக் குறைவுதானே காரணம்?

அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அதையே முதலில் சொல்லும்போது, பழி முழுவதும் வராத பெண்ணின்மேல் விழுந்துவிடுகிறது. காசிமேட்டில் பிறந்து வளர்ந்து, இப்போது பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் நான், என் வீட்டுக்குள்ளேயே கண்ட வேறுபாட்டைச் சொல்கிறேன்.

எனக்கு அலுவலகக் காப்பீட்டில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் உண்டு. ஒரு சனிக்கிழமை, முன்பதிவு செய்த நேரத்துக்குப் போய், பெண் மருத்துவரிடம் பாப் ஸ்மியர் (கருப்பை வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்துக்கொண்டு அரை மணியில் வெளியே வந்துவிட்டேன்; முடிவு கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. என் சித்திக்கு 46 வயது. விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து, துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் தண்டையார்பேட்டைக்குப் போய்த் தெருத்தெருவாக விற்று முடிப்பதற்குள் மதியமாகிவிடும். புறநோயாளிப் பிரிவில் சீட்டுக் கொடுப்பதும் அதற்குள் முடிந்துவிடும். ஒரு நாள் வியாபாரம் போனால் அன்றைய வரும்படி மட்டும் போவதில்லை, அன்று கட்டவேண்டிய தண்டலும் (தினத் தவணைக் கடன்) தலைமேல் நிற்கிறது. இத்தனைக்கும் பரிசோதனைக்குக் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை.

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. மற்ற மாநிலங்களைவிட நாம் முன்னே நிற்கிறோம் என்று பெருமைப்படலாம்தான். ஆனால் 2030க்குள் 70 விழுக்காட்டுப் பெண்கள் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு.

போன ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில், ஏலம் மந்தமாக இருந்தபோதுதான் சித்தியை அழைத்துப்போக முடிந்தது. அதற்கு முன்பு கேட்டபோதெல்லாம், "ஒரு வலி இல்ல, ஒண்ணும் இல்ல, எனக்கு இன்னாத்துக்குமா அது?" என்பதே பதிலாக இருந்தது. அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஹெச்பிவி என்னும் வைரஸ் தொற்று நீங்காமல் தங்கிப் புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகளாவது ஆகும்; அக்காலம் முழுவதும் வலியே இருக்காது என்பதை அவருக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யப்பட்ட சோதனை எளிமையானது. வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறுபட்ட இடம் வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே அங்கேயே முடிவைச் சொல்லிவிடலாம். சித்திக்கு வெண்மை தெரிந்தது. என் பார்வையில் உண்மையான ஏற்றத்தாழ்வு அந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கியது. கால்போஸ்கோப்பி என்னும் உருப்பெருக்கிப் பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதல் நாள் அதற்குரிய மருத்துவர் இல்லை. இரண்டாம் நாள் திசு எடுத்தார்கள். திரைச்சீலை பாதி கிழிந்திருந்த அந்த அறைக்கு வெளியே நின்று, வரிசை முழுவதும் கேட்கும்படி ஊழியர் ஒருவர் சித்தியின் பெயரையும் எதற்காக வந்தார் என்பதையும் உரக்கப் படித்தார். மூன்றாம் நாள் முடிவு, நான்காம் நாள் சிகிச்சை. நல்லவேளையாக அது புற்றுக்கு முந்தைய மாற்றம் மட்டுமே என்பதால், அந்த இடத்தை உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையே போதுமானதாக இருந்தது. அதன்பின் சில வாரங்களுக்கு நீராகக் கசியும் என்றார்கள். கழிப்பறையைத் தேடி அலையவேண்டிய தெருவோர வியாபாரத்தில் அதை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் உடன் செல்லாதிருந்தால் சித்தி இரண்டாம் நாளோடு நிறுத்தியிருப்பார். அப்படி நிறுத்துபவர் "பரிசோதிக்கப்பட்டவர்" என்ற கணக்கில் ஏறிவிடுவார் என்பதுதான் கொடுமை.

இதற்கான விடை நம் மாநிலத்திலேயே காட்டப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையிலுள்ள சமூக சுகாதார மையத்தின் வழியாக நடந்து 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், இதே அமிலச் சோதனையைச் செவிலியர்களே செய்து, தேவைப்பட்டவர்களுக்கு அதே வருகையிலேயே கால்போஸ்கோப்பியும் கிரையோ சிகிச்சையும் அளித்தார்கள். சோதனை அளிக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. அந்தப் பெண்களும் கூலி வேலைக்குப் போகும் கிராமத்துப் பெண்கள்தாம்.

ஆகவே, வடசென்னையில் இன்னொரு விழிப்புணர்வுப் பேரணியை நான் கேட்கமாட்டேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல், மூடிய அறையில், சோதனையும் சிகிச்சையும் ஒரே இடத்தில் நடக்கும் முகாமைத்தான் கேட்பேன். காசிமேட்டில் அதற்கேற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம். பெண்ணே வீட்டில் மாதிரி எடுத்துக் கொடுக்கும் ஹெச்பிவி சோதனையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருப்பதால், திரைச்சீலைப் பிரச்சினைக்கும் அது ஓரளவு வழி செய்யும்.

சிகிச்சைக்கு ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். சித்தியிடம் நினைவூட்டினேன். "தடைக்காலம் வரட்டும், போலாம்" என்றார்.