நாலு பள்ளியில் 300 பேர் எடுத்தால் போதுமா?

கேள்வி: நான் எம்.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களையும் தனியார் பள்ளி மாணவர்களையும் கணித அடைவில் ஒப்பிடுவது என் ஆய்வு. தெரிந்த ஆசிரியர்கள் இருக்கும் நாலு பள்ளிகளில் (இரண்டு அரசு, இரண்டு தனியார்) தலா 75 பேருக்குத் தேர்வு வைக்கலாம் என்றிருக்கிறேன். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், 300 தாராளம்" என்கிறார் கைடு. "384 இல்லாவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வாய்" என்கிறார் சீனியர் அக்கா. யார் சொல்வது சரி? பழைய ஆய்வேடுகளில் இருப்பதுபோல 'எளிய சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டது' என்று எழுதிவிடலாமா? டி-டெஸ்ட்டில் (இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை) தனியார் பள்ளி மேலே வந்தால், அங்கே கற்பித்தல் சிறப்பு என்று முடிவு எழுதலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடை, கூடாது. முதல் கேள்வியில் இருவருமே மாணவர் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உங்கள் திட்டத்தில் இடிப்பது பள்ளிகளின் எண்ணிக்கை.

முதலில் அந்த 384. கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது அது. ஆயிரம் பேர் இருந்தால் 278 எடு, பத்து லட்சம் பேர் இருந்தால் 384 எடு என்று சொல்லும். எந்த நிபந்தனைகளின் பேரில் சொல்கிறது என்பதை யாரும் படிப்பதில்லை. முழுப் பட்டியலிலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கி எடுக்க வேண்டும். கண்டுபிடிக்கப்போவது ஒரு சதவீதமாக இருக்க வேண்டும், அதுவும் 5 சதவீதப் புள்ளிப் பிழைக்குள். நீங்கள் குலுக்கவும் இல்லை, சதவீதத்தைத் தேடவும் இல்லை. இரண்டு சராசரிகளை ஒப்பிடுகிறீர்கள். அந்த அட்டவணை உங்களுக்கானதே அல்ல.

கைடு சொன்ன பானைக் கணக்கு ஒரே பானைக்குச் சரி. உங்களிடம் இருப்பது மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான பானைகள். நாலு பானையில் பானைக்கு 75 பருக்கை எடுத்துப் பார்த்தால் அந்த நாலு பானையைப் பற்றி மிக நன்றாகத் தெரியும். மற்ற பானைகளைப் பற்றி அநேகமாக ஒன்றும் தெரியாது.

ஒரே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒரே கணக்கு ஆசிரியரிடம் படிக்கிறார்கள், பெரும்பாலும் அக்கம்பக்கத் தெருக்களிலிருந்து வருகிறார்கள். அதனால் அவர்கள் மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். இந்த ஒட்டுதலுக்கு லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் பிரபலமாக்கிய எளிய சூத்திரம் ஒன்று உண்டு. ஒரு பள்ளியில் எடுக்கும் மாணவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஒட்டுதல் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். ஒட்டுதலே இல்லையென்றால் அந்த அளவு 0, ஒரு பள்ளியில் எல்லோரும் ஒரே மதிப்பெண் என்றால் 1. ஒட்டுதல் 0.2 என்று வைத்துக்கொள்வோம்; பள்ளித் தேர்வுகளில் இது ஒன்றும் அதிகமில்லை. 75 பேருக்கு 1 + (74 × 0.2) = 15.8. உங்கள் 300-ஐ இதால் வகுத்தால் 19. அதாவது 300 பேருக்குத் தேர்வு வைத்து, தாள் திருத்தி, எக்செல்லில் ஏற்றிய பிறகும், மாவட்டம் முழுவதிலிருந்தும் குலுக்கி எடுத்த 19 பேர் சொல்லும் அளவுக்குத்தான் அந்த டேட்டா சொல்லும்.

அதே 300 பேரை 30 பள்ளிகளில், பள்ளிக்குப் பத்துப் பேராக எடுங்கள். 1 + (9 × 0.2) = 2.8. 300-ஐ வகுத்தால் 107. தாள் அதே 300தான், பஸ் டிக்கெட் மட்டும் கூடுதல். முப்பது பள்ளி முடியாது என்றால் இருபது பள்ளிக்காவது போங்கள். நாலு பள்ளியிலேயே 500, 600 என்று ஏற்றிக்கொண்டு போவதால் பயனில்லை.

எப்படி எடுப்பது? யூடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண்) உள்ள பள்ளிகளின் பட்டியலை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்பதாம் வகுப்பு உள்ளவற்றை அரசு, தனியார் என்று இரண்டு அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 15 பள்ளிகளைக் குலுக்கி எடுங்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளை எங்கே வைப்பது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நடத்துவது தனியார் நிர்வாகம், ஆசிரியர் சம்பளம் அரசுடையது. தனி அடுக்காக வைக்கலாம், காரணம் எழுதி விட்டுவிடவும் செய்யலாம். முடிவைப் பார்த்துவிட்டு வசதியான பக்கம் தள்ளுவதுதான் தப்பு.

பள்ளிக்குள் போனதும், "நல்லா எழுதுற பசங்களா பத்துப் பேரை அனுப்புறேன் டீச்சர்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். மறுத்துவிட்டு வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள். 80 பேர் இருந்தால் எட்டுக்கு ஒருவர். முதல் எட்டில் யாரிடமிருந்து தொடங்குவது என்பதற்குச் சீட்டு எடுங்கள். அன்றைக்கு வராத பிள்ளையின் இடத்தில் பக்கத்துப் பெயரைப் போடாமல் 'வரவில்லை' என்று குறியுங்கள். வராத பிள்ளைகள் பெரும்பாலும் மதிப்பெண் குறைந்தவர்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005-இல் தொடங்கிய, பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் ஆய்வு பள்ளிக்குப் போகாமல் வீடுகளுக்குப் போவதும் இதனால்தான்: மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. பள்ளியில் உட்கார்ந்து எண்ணினால், பள்ளியில் இல்லாத பிள்ளை கணக்கிலேயே வராது.

இவ்வளவும் முடியவில்லை, தெரிந்த நாலு பள்ளிதான் என்றால் அதுவும் குற்றமில்லை. 'வசதி மாதிரி' என்று உள்ளபடி எழுதுங்கள். முடிவுகளையும் அந்த நாலு பள்ளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எளிய சமவாய்ப்பு என்றால் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே வாய்ப்பு கிடைத்திருக்க வேண்டும். "பட்டியல் எங்கே?" என்று வைவாவில் ஒரே கேள்வி கேட்டால் போதும், அந்த வாக்கியம் நிற்காது.

இனி ஒப்பீடு. தனியார் பள்ளி மேலே வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் அது பள்ளியின் சாதனையா, அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த வீடுகளின் வித்தியாசமா? ஃபீஸ் கட்ட முடிந்த பெற்றோர், படித்த அம்மா, மாலையில் டியூஷன், எல்லாம் அந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்க ஆந்திரத்தில் ஒரு பெரிய சோதனை நடந்தது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அது. 180 கிராமங்கள். அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற விரும்பி விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் சிலருக்குக் கட்டண உதவி கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் கிடைத்தவர் வீடும் கிடைக்காதவர் வீடும் சராசரியில் ஒன்றுதான். நாலு வருடம் கழித்துப் பார்த்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. இந்தியில் மட்டும் தனியார் பக்கம் முன்னால். தனியார் பள்ளிகள் தெலுங்குக்கும் கணக்குக்கும் குறைந்த நேரமே ஒதுக்கின, ஒரு பிள்ளைக்கான செலவும் அங்கே அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆக, தனியார் பள்ளி பெருமைப்படவும் அதில் இடம் உண்டு, அரசுப் பள்ளி பெருமைப்படவும் இடம் உண்டு. வெறும் சராசரியை ஒப்பிட்டிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

உங்களால் குலுக்கி உதவித்தொகை கொடுக்க முடியாது. ஆனால் தேர்வுத் தாளோடு ஒரு பக்கம் சேர்க்கலாம்: அம்மா எதுவரை படித்தார், டியூஷன் உண்டா, பயிற்று மொழி எது. எட்டாம் வகுப்பு மதிப்பெண் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்புறம் பத்தாவது வரை படித்த அம்மாக்களின் பிள்ளைகளை மட்டும் இரு பக்கமும் வைத்து ஒப்பிடுங்கள். இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான் உங்கள் ஆய்வின் சுவாரசியமான பக்கமாக இருக்கும். வினாத்தாள் இரண்டு மொழியிலும் இருக்கட்டும். வாக்கியக் கணக்கு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் நீங்கள் அளப்பது கணக்கை அல்ல.

டி-டெஸ்ட் போடலாம், ஆனால் 300 மதிப்பெண்ணை அப்படியே போடாதீர்கள். மாணவர்கள் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்பது அதன் அடிப்படை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சராசரி எடுத்து, 15 சராசரியோடு 15 சராசரியை ஒப்பிடுங்கள். எம்.எட். அளவுக்கு இது போதும், நேர்மையானதும்கூட. ஆண்/பெண், கிராமம்/நகரம், கூட்டுக்குடும்பம்/தனிக்குடும்பம், அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று இருபது கருதுகோள் அடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 0.05 அளவில் (இல்லாத வித்தியாசத்தை 'உண்டு' என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து) இருபது சோதனை செய்தால், உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் சராசரியாக ஒன்று 'வித்தியாசம் உண்டு' என்று வந்து நிற்கும். பல ஆய்வேடுகளில் அதற்குத்தான் நாலு பக்க விளக்கம் எழுதியிருக்கிறார்கள்.

கைடிடம் இந்த 19, 107 கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். வாதாடுவதைவிட அது எளிது. முதன்மைக் கல்வி அலுவலர் அனுமதிக்கு இந்த வாரமே எழுதிப் போடுங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் எந்த எச்.எம்.மும் ஒரு பீரியடு விட்டுத்தர மாட்டார்.